யான் சிக்கோல்ட்

யான் சிக்கோல்ட் (ஏப்ரல் 2, 1902 - ஆகஸ்ட் 11, 1974) ஜெர்மனியில் பிறந்த அச்சுக்கலை வடிவமைப்பாளரும் நூலாசிரியரும் ஆவார். எழுத்தைப் படிக்கும் முன்னரே கண் அதனை ஓர் உருவமாகப் பார்த்துவிடுகிறது. இதனைக் கருத்திற்கொண்டு பக்க வடிவமைப்புக்கு நெறிமுறைகள் வகுத்தவர்களுள் இவர் முக்கியமானவர். பிற்காலத்தில் தமது கொள்கையைத் தாமே மறுபரிசீலனை செய்தார்.

இளமை

விளம்பரப் பலகைகள் எழுதும் ஓவியரின் மகனாக லைப்சிக் நகரில் பிறந்த சிக்கோல்ட், அங்கேயே எழுத்தணிக்கலை பயின்றார். 1923 இல் வைமாரில் நடைபெற்ற பௌஹவுஸ் கண்காட்சி இவரை நவீன வடிவமைப்பின்பால் ஈர்த்தது.

புதிய அச்சுக்கலை

1928 இல், புதிய அச்சுக்கலை என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நூலை வெளியிட்டார். எல்லா வரிகளையும் பக்கத்தின் நடுவே சமச்சீராக அடுக்கும் மரபு, உள்ளடக்கத்தைப் பொருட்படுத்துவதில்லை என்பது இவரது வாதம். சொற்களின் முக்கியத்துவத்துக்கு ஏற்ப அவற்றின் அளவு, தடிப்பு, இடம் ஆகியன வேறுபட்டால், எதை முதலில் பார்ப்பது, எதை அடுத்துப் பார்ப்பது என்பது கண்ணுக்குத் தெளிவாகும். அச்சிடப்படாத வெற்றிடத்தையும் எழுத்துக்கு இணையான கூறாகவே இவர் கருதினார்.

கைதும் கருத்து மாற்றமும்

நாசிகள் ஆட்சிக்கு வந்தபின், 1933 மார்ச்சில் மியூனிக்கில் கைது செய்யப்பட்டு, ஆசிரியர் பணியையும் இழந்தார். சில வாரங்களில் விடுதலையாகி, குடும்பத்துடன் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் குடியேறினார். அங்கு நூல்களுக்குச் சமச்சீர் அமைப்பை மீண்டும் கையாளத் தொடங்கினார்.

1946 இல் சுவிஸ் வடிவமைப்பாளர் மாக்ஸ் பில் இதனைக் கண்டித்தார். ஒரே முறையை எல்லாவற்றுக்கும் கட்டாயமாக்கும் போக்கு, தம்மை நாட்டைவிட்டு வெளியேறச் செய்த நாசிகளின் மனப்பான்மையை ஒத்திருப்பதாக சிக்கோல்ட் மறுமொழி எழுதினார். விளம்பரத்தில் எழுத்து கண்ணை ஈர்க்கலாம். நூலிலோ அது வாசகரின் கவனத்தைத் தன்பால் இழுக்கலாகாது என்பது இவரது பிற்கால நிலைப்பாடு.

பெங்குயின் பணி

1947 முதல் 1949 வரை இங்கிலாந்தின் பெங்குயின் பதிப்பகத்தில் பணியாற்றி, 500க்கு மேற்பட்ட நூல்களின் வடிவமைப்பைச் சீர்செய்தார். சொற்களுக்கிடையே இடைவெளி மிகுந்தால் பக்கத்தில் வெண்ணிறத் துளைகள் தோன்றும்; வரியைப் பின்தொடரும் கண் அவற்றில் இடறும். எனவே சொல்லிடைவெளியைக் குறுக்குமாறும், ஆங்கிலப் பெரிய எழுத்துகளின் இடைவெளியை அளவுகோலால் அன்றிக் கண்ணால் சமப்படுத்துமாறும் அச்சுக்கோப்பவர்களுக்கு விதிகள் எழுதினார்.

இறுதிக்காலம்

கையால் கோத்தாலும், லைனோடைப், மோனோடைப் எந்திரங்களில் கோத்தாலும் ஒரே தோற்றம் தரும் சபோன் எழுத்துருவை வடிவமைத்தார். இது 1967 இல் வெளியானது. சிக்கோல்ட் சுவிட்சர்லாந்தின் லொகார்னோ நகரில் காலமானார்.