ஹெரால்டு பிளாக்

வேலூரைச் சூழ்ந்துள்ள ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை முதலிய ஊர்கள் தோல் பதனிடுந் தொழிலால் உலகெங்கும் பெயர் பெற்றவை. அங்குள்ள தொழிற்கூடங்களில் தோல்கள் சுண்ணாம்பு நீரில் ஊறி மயிர் நீங்குகின்றன. பின்னர் உப்பும் அமிலமும் கலந்த நீரில் பக்குவம் அடைகின்றன. அதன் பின்பு சுழலும் பெரிய மரப் பீப்பாய்களில் குரோமிய உப்பை ஏற்கின்றன. ஒவ்வொரு நிலையிலும் நீரின் அமிலத் தன்மை இவ்வளவுதான் இருத்தல் வேண்டும் என்னும் வரையறை உண்டு. அதனை அளந்து காட்டும் கருவி பி.எச். மானி எனப்படும். அம்மானி பிழையாகக் காட்டினால் ஒரு பீப்பாய்த் தோல் முழுவதும் கெட்டுப்போகும். அது பிழையின்றிக் காட்டுவதற்குத் துணை நிற்பது அதனுள் அமைந்த சிறியதொரு மின்பெருக்கியாகும். இத்தகைய பெருக்கிகளை நம்பத்தக்கனவாக ஆக்கிய தத்துவத்தைக் கண்டவர் ஹெரால்டு ஸ்டீபன் பிளாக் என்னும் அமெரிக்கப் பொறியியல் அறிஞர் ஆவார்.

இளமையும் கல்வியும்

பிளாக் 1898ஆம் ஆண்டு ஏப்பிரல் 14ஆம் நாள் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த லெமின்ஸ்டர் என்னும் ஊரில் பிறந்தார். உஸ்டர் நகரத்துத் தொழில்நுட்பக் கல்லூரியில் மின்பொறியியல் பயின்று, 1921ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேயே வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பணியில் அமர்ந்தார். அந்நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவு 1925ஆம் ஆண்டில் பெல் தொலைபேசி ஆய்வுக்கூடம் ஆயிற்று.

தொலைபேசியின் இடர்ப்பாடு

அக்காலத்தில் நெடுந்தொலைவிற்குப் பேச்சை அனுப்புதல் அரிய செயலாக இருந்தது. கம்பி வழியே செல்லச் செல்லப் பேச்சின் மின்னலை மெலிந்துவிடும். ஆதலால் வழியிடையே வெற்றிடக் குழாய்ப் பெருக்கிகளை அமைத்து அதனை மீண்டும் வலுப்படுத்தினர். ஆனால் ஒவ்வொரு பெருக்கியும் அலையைப் பெரிதாக்கும்போதே அதன் வடிவத்தைச் சிறிது திரித்தும் விட்டது. ஒரு பெருக்கி செய்யும் பிழையைக் காது பொறுத்துக்கொள்ளும். ஒன்றன்பின் ஒன்றாகப் பல பெருக்கிகள் நிற்கும்போது பிழைமேற் பிழை சேர்ந்து பேச்சே விளங்காது போகும். ஒரே கம்பியில் பல உரையாடல்களை அனுப்பினால் ஒன்று மற்றொன்றிற் கலந்துவிடும். இந்த இடரைத் தீர்ப்பதையே பிளாக் தம் கடமையாக மேற்கொண்டார்.

முதல் முயற்சி

பிழையே செய்யாத வெற்றிடக் குழாயை ஆக்கப் பலரும் முயன்றனர், பிளாக்கும் முயன்றார், பயன் கிட்டவில்லை. 1923ஆம் ஆண்டில் சார்லஸ் ஸ்டைன்மெட்ஸ் என்னும் பேரறிஞரின் சொற்பொழிவைக் கேட்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. எந்தச் சிக்கலையும் அதன் வேரிலிருந்து ஆராயும் அப்பெரியாரின் முறை பிளாக்கின் உள்ளத்தைக் கவர்ந்தது. உடனே அவர் தம் கேள்வியையே மாற்றிக்கொண்டார். பெருக்கியில் பிழை இருக்கட்டும். அது வெளியிடுவதிலிருந்து பிழையை மட்டும் பிரித்து நீக்க இயலுமா என்று எண்ணலானார்.

அவ்வாறே ஓர் அமைப்பையும் செய்தார். ஒரு பெருக்கியின் பிழையைப் பிரித்தெடுத்து, மற்றொரு பெருக்கியால் பெரிதாக்கி, முதற் பெருக்கியின் வெளியீட்டிலிருந்து கழிப்பதே அதன் முறை. ஆய்வுக்கூடத்தில் அது நன்கு இயங்கியது. எனினும் இரண்டு பெருக்கிகளும் அணுவளவும் மாறாது ஒத்திருந்தாலன்றி அது பயன் தரவில்லை. இரவும் பகலும் ஒருவர் அருகிருந்து சரிசெய்துகொண்டே இருக்க வேண்டியதாயிற்று. ஆளில்லா இடங்களில் நிற்க வேண்டிய பெருக்கிகட்கு இம்முறை ஏற்றதன்று. பிளாக் மனந்தளராது மேலும் நான்கு ஆண்டுகள் உழைத்தார்.

ஆற்றின் நடுவே

1927ஆம் ஆண்டு ஆகஸ்ட்டுத் திங்கள் 2ஆம் நாள் காலை, பிளாக் ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்து நியூயார்க்கு நகரத்திலுள்ள தம் அலுவலகத்திற்குச் சென்றுகொண்டிருந்தார். அப்பொழுது அவர் நெடுநாள் தேடிய விடை உள்ளத்தில் தோன்றியது. கையிலிருந்த செய்தித்தாளின் பக்கத்திலேயே அதற்குரிய படத்தையும் சமன்பாடுகளையும் எழுதினார். அலுவலகம் சேர்ந்ததும் உடன் பணியாற்றும் ஒருவரைச் சான்றாகக் கையொப்பமிடச் செய்தார்.

அவ்விடை மிக எளியது. பெருக்கியின் வெளியீட்டில் ஒரு சிறு பகுதியை எடுத்து, மீண்டும் உள்ளீட்டிற்கே அனுப்பி, அதற்கு எதிராகச் சேர்க்க வேண்டும். அப்பொழுது பெருக்கி தான் தந்ததையும் தான் பெற்றதையும் ஒப்பிட்டுக் கொள்கிறது. வெளியீடு மிகுந்தால் தானே குறைத்துக்கொள்ளும். குறைந்தால் தானே மிகுத்துக்கொள்ளும். இதற்கு எதிர்ப் பின்னூட்டம் என்று பெயர். அவ்வாண்டு டிசம்பர் 29ஆம் நாள் நடந்த சோதனையில் பெருக்கியின் பிழை ஓர் இலட்சத்தில் ஒரு பங்காகக் குறைந்தது.

ஐயமும் வெற்றியும்

ஆயினும் இக்கருத்தை அறிஞருலகம் எளிதில் ஏற்கவில்லை. அரிதின் முயன்று பெற்ற பெருக்கத்தை வேண்டுமென்றே இழப்பது அறிவுடைமையோ என்று பலர் வினவினர். வெளியீட்டை உள்ளீட்டிற்கு அனுப்பினால் பெருக்கி கட்டுக்கடங்காது ஊளையிடும் என்று வேறு சிலர் அஞ்சினர். பிரிட்டிஷ் காப்புரிமை அலுவலகமோ, ஓயாது தானே இயங்கும் பொறியைக் கண்டதாக உரைப்போரை நடத்துவதைப் போலவே இவ்விண்ணப்பத்தையும் நடத்தியது. 1928ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அளித்த விண்ணப்பத்திற்கு 1937ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களிலேயே காப்புரிமை கிடைத்தது. இதற்கிடையில் 1932ஆம் ஆண்டில் ஹாரி நைக்விஸ்ட் என்பார் பின்னூட்டப் பெருக்கி எப்பொழுது நிலைத்து நிற்கும், எப்பொழுது நிலைகுலையும் என்பதைக் கணித முறையால் விளக்கினார். 1934ஆம் ஆண்டில் பிளாக் தம் கட்டுரையை வெளியிட்டார். ஐயங்கள் மெல்ல மெல்ல நீங்கின.

இழந்ததும் பெற்றதும்

பிளாக் கண்ட வழி பின்னர்ச் செயற்பாட்டுப் பெருக்கியாக வளர்ந்தது. 1968ஆம் ஆண்டில் வெளிவந்த 741 என்னும் விரல் நுனியளவான பெருக்கியை எடுத்துக்கொள்வோம். பின்னூட்டம் இல்லாதபோது அதன் பெருக்கம் ஏறத்தாழ 2,00,000 மடங்கு. ஆனால் அவ்வெண் கருவிக்குக் கருவி மாறும்; வெப்பத்தாலும் மாறும். வெளியீட்டில் பத்தில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பினால் பெருக்கம் 9.9995 மடங்காகச் சுருங்குகிறது. இது பேரிழப்பே. ஆனால் உள்ளிருக்கும் பெருக்கம் பாதியாகக் குறைந்து 1,00,000 ஆனாலும், மொத்தப் பெருக்கம் 9.9990 என்றே நிற்கிறது. மிகுதியை இழந்து உறுதியைப் பெற்றோம்.

வேறு இரண்டு பயன்களும் உண்டு. 741இன் உள்ளீட்டுத் தடை ஏறத்தாழ 20 இலட்சம் ஓம். வெளியீட்டுத் தடை 75 ஓம். திருப்பி அனுப்பிய மின்னழுத்தம் வந்த மின்னழுத்தத்தை ஏறக்குறைய ஈடுசெய்துவிடுவதால், பெருக்கியின் வாயில்களுக்கிடையே மிகச் சிறிய வேறுபாடே எஞ்சுகிறது. ஆகவே அது உட்கொள்ளும் மின்னோட்டமும் மிகச் சிறிதாகிறது. மேற்கூறிய அமைப்பில், கணக்குப்படி உள்ளீட்டுத் தடை 20,001 மடங்கு உயர்கிறது. வெளியீட்டில் பளு மிகுந்து மின்னழுத்தம் தாழ முற்பட்டால், திரும்பி வரும் பங்கும் தாழும். உடனே பெருக்கி மேலும் முயன்று அதனை நிமிர்த்தும். ஆகவே வெளியீட்டுத் தடை அதே அளவு மடங்கு தாழ்ந்து, ஓர் ஓமில் ஆயிரத்தில் நான்கு பங்கிற்கும் குறைந்துவிடுகிறது.

தோல் தொழிலிற் பயன்

பாலாற்று மணலில் தோண்டிய சிறு ஊற்றிலிருந்து பெரிய குடத்தால் அள்ளினால் நீர்மட்டம் உடனே தாழும். பிறகு அளந்தால் உண்மையான மட்டம் தெரியாது. பி.எச். மானியின் கண்ணாடி மின்முனை அத்தகைய ஊற்றை ஒத்தது. அதன் மின்தடை ஏறத்தாழ 10 கோடி ஓம் ஆகும். அதே அளவு தடையுடைய மானியை அதனுடன் இணைத்தால் மின்னழுத்தத்தில் பாதி மறைந்துபோகும். ஆதலால் உள்ளீட்டுத் தடை அதனினும் பல்லாயிர மடங்கு மிகுந்த தனிவகைச் செயற்பாட்டுப் பெருக்கிகளை மானியில் அமைக்கின்றனர். அவை பிளாக் வகுத்த பின்னூட்ட முறையிலேயே இயங்குகின்றன.

பீப்பாயின் அருகே நிற்கும் மேஸ்திரி செய்வதும் இதனைப் போன்றதே. அவர் சோடா உப்பை ஒரேயடியாகக் கொட்டுவதில்லை. கொட்டினால் குரோமியம் தோலின் மேற்புறத்திலேயே படிந்து, உட்புறம் பதமாகாது நின்றுவிடும். சிறிது இட்டு, அளந்து பார்த்து, வேண்டிய அளவிற்கு எவ்வளவு குறைகிறதோ அதற்கேற்ப மேலும் இடுகிறார். விளைவைக் கண்டு செயலைத் திருத்திக்கொள்ளும் இம்முறையே பின்னூட்டத்தின் உயிர்நாடி.

இறுதிக் காலம்

பிளாக் 1963ஆம் ஆண்டு வரை பெல் ஆய்வுக்கூடத்திற் பணியாற்றினார். 1981ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் புத்தாக்கச் சான்றோர் வரிசையில் அவர் பெயர் இடம் பெற்றது. 1983ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் தம் எண்பத்தைந்தாம் வயதில் அவர் மறைந்தார்.

ஆற்றல் மிகுதியாக இருப்பது மட்டும் பெருமையன்று. அவ்வாற்றலின் ஒரு பகுதியைத் தன் பிழையைத் திருத்திக்கொள்வதற்கே செலவிடுதல் வேண்டும். அவ்வாறு செலவிட்ட ஆற்றல் வீணாவதில்லை. அது நம்பிக்கையாகத் திரும்பி வருகிறது. பொருள்களின் உலகில் பிளாக் நிலைநாட்டிய இவ்வுண்மை மாந்தர் வாழ்விற்கும் பொருந்துவதாகும்.