தொழிலாளர் பேச்சுக்குக் காது கொடுத்த எல்டன் மேயோ

கூலியைக் கூட்டினால் தொழிலாளர்கள் வேகமாக வேலை செய்வார்கள். கண்டிப்பு குறைந்தால் சோம்பிவிடுவார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன்பு பெரும்பாலான தொழிற்சாலை நிர்வாகங்கள் இப்படித்தான் நம்பின. வேலை செய்பவரின் மனத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டறியாமல் வேலையைச் சீராக்க முடியாது என்று அந்த நிர்வாகங்களுக்கு எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் எல்டன் மேயோ.

மேயோ 1880 டிசம்பர் 26ஆம் தேதி ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் பிறந்தார். படித்த குடும்பம். அவருடைய அக்காள் ஹெலன் மேயோ பின்னாளில் பெயர் பெற்ற மருத்துவரானார். எல்டனும் மருத்துவராவார் என்று வீட்டில் எதிர்பார்த்தார்கள். அடிலெய்டு, எடின்பரோ, லண்டன் என்று மூன்று ஊர்களில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தும் அவர் படிப்பை முடிக்கவில்லை.

மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு சுரங்க நிறுவனத்தில் சிறிது காலம் வேலை பார்த்தார். லண்டனில் தொழிலாளர்களுக்கான கல்லூரியில் பாடம் நடத்தினார். ஊர் திரும்பி அச்சகத் தொழிலில் இறங்கினார். அதன் பிறகுதான் மீண்டும் பல்கலைக்கழகம் சென்று தத்துவமும் உளவியலும் படித்தார். 1911இல் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார். முதல் உலகப் போரில் மனம் உடைந்து திரும்பிய வீரர்களுக்கு ஒரு மருத்துவருடன் சேர்ந்து சிகிச்சை அளித்தார். அவர்களைப் பேசவிட்டுப் பொறுமையாகக் கேட்கும் பழக்கம் அங்கே வளர்ந்தது.

1922இல் அமெரிக்கா சென்றார். பிலடெல்பியாவில் ஒரு நெசவாலையின் நூற்புப் பிரிவில் ஆட்கள் நிலைக்கவில்லை. 40 பேர் வேலை செய்யும் இடத்தில் ஆண்டுக்குச் சுமார் 100 பேரைப் புதிதாக எடுக்க வேண்டியிருந்தது. ஊக்கத்தொகை அறிவித்தும் பலன் இல்லை. அறுந்த நூலை இணைத்தபடி இயந்திரங்களின் நெடுகிலும் நாள் முழுவதும் நடப்பது அவர்களுடைய வேலை. கால் வலி ஒரு பக்கம், மனச்சோர்வு இன்னொரு பக்கம். காலையில் இரண்டு முறை, மாலையில் இரண்டு முறை, பத்துப் பத்து நிமிடம் ஓய்வு கொடுக்கச் சொன்னார் மேயோ. ஆட்கள் விலகுவது குறைந்தது; உற்பத்தியும் கூடியது. இடையில் அவசர ஆர்டர் வந்தபோது ஃபோர்மேன்கள் ஓய்வை நிறுத்தினார்கள். உற்பத்தி சரிந்தது. ஆலைத் தலைவரே தலையிட்டு ஓய்வு நேரத்தை மீண்டும் கொண்டுவந்தார்.

1926இல் மேயோ ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். சிகாகோவுக்கு அருகே வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதோர்ன் தொழிற்சாலையில் அப்போது ஒரு சோதனை நடந்துகொண்டிருந்தது. அதைத் தொடங்கியவர் மேயோ அல்லர். 1928இல்தான் அவர் அங்கே முதன்முதலாகச் சென்றார்.

தொலைபேசிக்கான ரிலே என்ற சிறு கருவியைப் பூட்டும் ஆறு பெண்களைத் தனி அறையில் வைத்திருந்தார்கள். இடைவேளை கொடுத்தார்கள், சிற்றுண்டி கொடுத்தார்கள், வேலை நேரத்தைக் குறைத்தார்கள். ஒவ்வொரு மாற்றத்தையும் முன்கூட்டியே அந்தப் பெண்களிடம் பேசினார்கள். உற்பத்தி ஏறியது. பிறகு எல்லாச் சலுகைகளையும் எடுத்துவிட்டுப் பழைய 48 மணி நேர வாரத்துக்குத் திரும்பினார்கள். அப்போதும் வார உற்பத்தி இறங்கவில்லை. முன்பு இல்லாத அளவுக்கு உயர்ந்தது. தங்களை மதித்துக் கேட்கிறார்கள் என்ற உணர்வும், ஒரு குழுவாகச் சேர்ந்துவிட்ட ஒற்றுமையுமே காரணம் என்றார் மேயோ.

அடுத்து, தொழிற்சாலையில் சுமார் 21,000 பேரை நேரில் சந்தித்துப் பேசினார்கள். முதலில் கேள்விப் பட்டியலோடு போனார்கள். தொழிலாளர்களின் மனத்தில் இருந்ததோ வேறு. அதனால் பட்டியலை ஒதுக்கிவிட்டு, அவர்கள் விரும்பியதைப் பேசவிட்டார்கள். வேலையிடத்துக் குறைகளோடு வீட்டுக் கவலைகளும் வெளிவந்தன.

இன்னொரு அறையில் 14 ஆண்கள் வேறு பாடம் கற்றுத் தந்தார்கள். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் வேலை என்று அவர்களே ஓர் அளவு வைத்திருந்தார்கள். அதிகம் செய்பவரின் மேற்கையில் ஒரு குத்து விழும். வேலையைக் கூட்டினால் நிர்வாகம் கூலி விகிதத்தைக் குறைக்கும், ஆட்களையும் குறைக்கும் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. 1930களின் பொருளாதார மந்தத்தில் அது வீண் அச்சமும் அல்ல. போதிய வேலை இல்லாமல் 1932இல் அந்தச் சோதனையே நின்றுபோனது.

மேயோ 1933இல் வெளியிட்ட நூல் இந்த ஆய்வுகளை உலகறியச் செய்தது. கூடவே கண்டனங்களும் எழுந்தன. அந்த ஆறு பெண்களில் அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்று இருவரை நிர்வாகம் 1928இல் மாற்றியிருந்தது. அந்த அறையில் ஊதியக் கணக்கும் மாறியிருந்தது: பெரிய பிரிவின் உற்பத்தியை வைத்துக் கணக்கிடாமல், அந்தச் சிறு குழுவின் உற்பத்தியை வைத்தே கூலி கொடுத்தார்கள். அதிகம் செய்தால் அந்தப் பலன் நேரே அவர்கள் கைக்கு வந்தது. அப்படியிருக்க, பணத்துக்குப் பங்கில்லை என்று எப்படிச் சொல்வது என்று பிற்கால ஆய்வாளர்கள் கேட்டார்கள். தொழிற்சங்கங்களுக்கு மேயோ தம் எழுத்தில் உரிய இடம் தரவில்லை என்பது இன்னொரு குறை.

1947இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து சென்ற மேயோ, 1949 செப்டம்பரில் அங்கேயே காலமானார். இன்று நிறுவனங்களின் மனிதவளப் பிரிவுகள் ஊழியர்களை அழைத்துக் கருத்துக் கேட்பதற்குப் பின்னால் அவருடைய உழைப்பு இருக்கிறது. ஆனால் ஹாதோர்னில் குறைகளைச் சொன்னவர்கள் தொழிலாளர்கள். என்ன செய்வது என்று முடிவெடுத்தது கடைசிவரை நிர்வாகம். கேட்ட குறையைத் தீர்க்கும் கடமை யாருக்கு என்ற கேள்வி ஒவ்வொரு வேலையிடத்திலும் இன்னும் எழுந்துகொண்டுதான் இருக்கிறது.