யார் இந்த பெங்களூரு நாகரத்தினம்மாள்? திருவையாற்றில் பெண்கள் பாட வழி திறந்தவரின் கதை

ஆனேக்கல் தாலுகாவின் எலெக்ட்ரானிக் சிட்டியில் நாலு மொழி பேசி டீமை நடத்தும் தமிழ்ப் பெண்கள் ஏராளம். நூறு வருஷம் முன்பே அப்படி வாழ்ந்தவர் இவர்.

1878-ல் நஞ்சன்கூட்டில் தேவதாசி மரபில் பிறந்தவர், மைசூரு, பெங்களூரில் பாடிவிட்டு சென்னையில் குடியேறினார். தஞ்சை அரசவைக் கவிஞர் முத்துப்பழனியின் தெலுங்கு நூல் 'ராதிகா சாந்த்வன'த்தை, முந்தைய பதிப்பில் வெட்டிய பாடல்களோடு 1910-ல் பதிப்பித்தார். ஆபாசம் என்று பிரிட்டிஷ் அரசு தடை போட்டது, நீங்கியது 1947-ல்தான்.

திருவையாற்றில் தியாகராஜர் சமாதி பாழடைந்து கிடந்தது. தன் சேமிப்பைக் கொட்டிக் கோயில் எழுப்பினார், 1925-ல் குடமுழுக்கு. ஆனால் ஆராதனையில் பெண்கள் பாடக்கூடாதாம்! கட்டியவருக்கே இடமில்லை. பெரிய கட்சி, சின்ன கட்சி இரண்டும் மறுக்க, சமாதிக்குப் பின்புறமே 'பெண்கள் கட்சி' தொடங்கி தனி ஆராதனை நடத்தினார். 1940-களின் தொடக்கத்தில் மூன்றும் ஒன்றாகின, பெண்களும் பாடினார்கள்.

தேவதாசி ஒழிப்பு மசோதாவை அவர் எதிர்த்தார். முத்துலட்சுமி ரெட்டி பக்கம் நிற்கும் எனக்கு இது நெருடல்தான். ஆனால் தங்களைக் கேட்காமலே தங்களுக்காகச் சட்டம் எழுதுகிறார்கள் என்ற அவரது ஆதங்கத்தை ஒதுக்க முடியவில்லை.

1952-ல் மறைந்தார். தியாகராஜர் சமாதி அருகிலேயே அவர் சமாதியும் இருக்கிறது.