வள்ளலாருக்கும் பயம் இருந்தது: வடலூர் அணையா அடுப்புக்குப் பின்னால் ஒரு மனசு

பயிர் வாடுறதைப் பார்த்து தானும் வாடினதா வள்ளலார் எழுதினது எல்லாருக்கும் தெரியும். ஆனா அந்த வரி இருக்கிற 'பிள்ளைப் பெருவிண்ணப்பம்' பாடலை முழுசா படிச்சவங்க குறைவு. படிச்சா வேற ஒரு வள்ளலாரைப் பார்க்கலாம்.

அதுல தன் பயங்களை ஒவ்வொண்ணா சொல்றார். காக்கை கத்தினா கலக்கம். ஆந்தை அலறினா பயம். யாராவது உரக்கப் பேசினா நடுக்கம். கதவை பலமா தட்டினாலும் அப்படித்தான். கை வீசி நடக்க வெட்கப்பட்டு, கையைக் கட்டிக்கொண்டே நடந்திருக்கார். உடம்பு வெளியே தெரியக் கூசி, வெள்ளைத் துணியால் முழுக்க மூடிக்கொண்டார். நாம படத்தில் பார்க்கிற அந்த முக்காடு இதுதான்.

நடையையும் கையசைவையும் ஊரே கவனிச்சு கேலி பண்ணும்போது ஏற்படுற கூச்சம் எப்படியிருக்கும்னு திருநர் பலருக்குத் தெரியும். வள்ளலார் அவங்களைப் பற்றி எழுதினார்னு சொல்லவரல. அவருக்கு இன்றைய மருத்துவப் பெயர் எதையும் ஒட்டுறதும் சரியில்ல. ஆனா 19-ம் நூற்றாண்டில், ஊரே குருவாகக் கும்பிட்ட ஒருத்தர் தன் நடுக்கத்தை இவ்வளவு வெளிப்படையா எழுதினது சின்ன விஷயமா?

1823 அக்டோபர் 5-ல் சிதம்பரம் அருகே மருதூரில் பிறந்தவர் இராமலிங்கம். கைக்குழந்தையா இருக்கும்போதே அப்பா இறந்துட்டார். வளர்ந்தது சென்னை ஏழுகிணறில், அண்ணன் வீட்டில். பிறகு கருங்குழி, வடலூர். சாதி, சமய வேறுபாடு கூடாதுன்னு 1865-ல் சங்கம் தொடங்கினார். அவர் பாடல்களை அருட்பா என்று அழைப்பதையே எதிர்த்து ஆறுமுக நாவலர் தரப்பு கிளம்பியது. விவகாரம் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது.

'ஜீவகாருண்ய ஒழுக்கம்' நூலில் உயிர்களுக்கு வரும் துன்பங்களைப் பட்டியல் போடுறார். பசி, தாகம், பிணியோடு பயத்துக்கும் அதில் இடம் உண்டு. ஆனா முதல்ல பசி. பார்வதிபுரம் மக்கள் கொடுத்த 80 காணி நிலத்தில், 1867 மே 23-ல் தருமச்சாலை அடுப்பை மூட்டினார். வர்றவர் யார், என்ன சாதின்னு கேட்காம சோறு.

1872-ல் திறந்த சத்திய ஞான சபைக்குள் போக மட்டும் ஒரு நிபந்தனை உண்டு: புலால் உண்ணாதவராக இருக்கணும். இதைப் பாகுபாடுன்னு கேட்கிறவங்க இன்னைக்கும் இருக்காங்க. கேட்க வேண்டிய கேள்விதான். சோத்துக்கு அந்த நிபந்தனை இல்ல.

1874 ஜனவரி 30-ல் மேட்டுக்குப்பம் சித்திவளாக அறைக்குள் போனவர் திரும்பி வரல. பக்கத்து நெய்வேலியில் நிலக்கரிச் சுரங்கம் வர்றதுக்கு சுமார் 90 வருஷம் முன்னாடி மூட்டிய அந்த அடுப்பு இன்னும் எரியுது.