நஞ்சை ஆராய்ந்த நல்லறிஞர்

பள்ளியின் இரசாயனக் கூடத்துள் புகும் மாணவர் கண்ணில் முதற்கண் படுவன சோதனைக் குழாய்களும், அவற்றைச் சூடேற்றும் சிறிய அடுப்புமே ஆகும். புகையும் கரியுமின்றி நீலச் சுடர் விட்டு எரியும் அவ்வடுப்பைப் புன்சன் அடுப்பு என்பர். அப்பெயருக்குரியவர் கொடிய நஞ்சொன்றை ஆராயப் புகுந்து ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். மரணத்தின் வாயில்வரை சென்று மீண்டார். அடுப்பை அறிந்தவர் பலராயினும், இச்செய்தியை அறிந்தவர் சிலரே. நஞ்சைக் கையாளுவோர்க்குத் துணிவு வேண்டும். துணிவினும் மேலாக விழிப்பு வேண்டும். இவ்வுண்மைக்கு இராபர்ட் புன்சனின் வாழ்க்கை சான்றாக விளங்குகிறது.

புன்சன் 1811ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஜெர்மனி நாட்டுக் கோட்டிங்கன் நகரில் பிறந்தார். அவருடைய தந்தையார் அந்நகரப் பல்கலைக்கழகத்தில் நூலகப் பொறுப்பும் மொழிப் பேராசிரியர் பதவியும் வகித்தவர். அவருடைய ஆண் மக்கள் நால்வருள் புன்சனே இளையவர். நூல்களுக்கிடையே வளர்ந்த அவ்விளைஞரின் உள்ளம் இரசாயனத்தையே நாடியது. 20 வயதளவில் அவர் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர்ப் பெர்லின், பாரிசு, வியன்னா முதலிய நகரங்களுக்குச் சென்று, ஆங்கிருந்த ஆய்வுக்கூடங்களையும் தொழிற்சாலைகளையும் கண்டறிந்து, தாயகம் திரும்பினார்.

அக்காலத்தில் மக்களை அச்சுறுத்திய நஞ்சுகளுள் தலையாயது வெள்ளைப் பாஷாணம் ஆகும். அஃது ஆர்செனிக் என்னும் தனிமம் உயிர்வளியோடு கூடி உண்டாவது. மாவைப் போன்று வெண்மையாக இருக்கும். மணம் இல்லை, சுவையும் ஏறக்குறைய இல்லை. எலிகளைக் கொல்ல வீடுகளில் வைத்திருந்த அப்பொடி, தவறுதலாலோ தீயோர் செயலாலோ உணவில் கலந்துவிட்டால், உண்டவர் அதனை உணர மாட்டார். உணரும்போது காலம் கடந்திருக்கும்.

இக்கொடுமைக்கு மாற்றுக் காண விரும்பிய புன்சன், பெர்தோல்டு என்னும் மருத்துவ அறிஞரோடு கூடி ஆராய்ந்தார். இரும்பின் உப்புக் கரைசலோடு அம்மோனியாவைச் சேர்த்தால் செம்பழுப்பு நிறமான குழம்பு ஒன்று படியும். அது இரும்புத் துருவை ஒத்த பொருள். புதிதாகப் படிந்த அக்குழம்பு பாஷாணத்தைப் பற்றிக்கொண்டு, நீரில் கரையாத பொருளாக மாற்றிவிடும். கரையாத பொருள் குருதியில் எளிதிற் கலவாது. எனவே, நஞ்சு உண்டவர்க்கு அதனைக் காலம் தாழ்த்தாது ஊட்டினால் அவர் பிழைக்கக்கூடும் என்று அவ்விருவரும் கண்டனர். விலங்குகளுக்குக் கொடுத்துச் சோதித்த பின்னர், 1834ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். மருத்துவர் பலர் அதனை ஏற்றுக்கொண்டனர். அப்போது புன்சனுக்கு வயது 23.

1836ஆம் ஆண்டில் காசெல் நகரத் தொழிற்பள்ளியில் புன்சன் ஆசிரியரானார். அங்கேதான் அவர் தம் வாழ்வின் பேரிடர் நிறைந்த ஆராய்ச்சியைத் தொடங்கினார். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் காதே என்னும் பிரெஞ்சு அறிஞர், வெள்ளைப் பாஷாணத்தையும் பொட்டாசியம் அசிட்டேட்டையும் சேர்த்துச் சூடாக்கி, ஒரு நீர்மத்தை வடித்தெடுத்திருந்தார். காற்றுப் பட்டால் அது புகையும். அதன் நாற்றம் பொறுத்தற்கரியது. நச்சுத்தன்மையோ மிகக் கொடியது. ஆதலின், அதன் அமைப்பு நெடுங்காலம் விளங்காமலே இருந்தது. அறிஞர் உலகம் அஞ்சி விலகிய அப்பொருளையே புன்சன் தம் ஆய்வுக்குத் தேர்ந்துகொண்டார்.

அந்நீர்மத்திலிருந்து புன்சன் பல பொருள்களைப் பிரித்தெடுத்தார். அவற்றுள் ஒன்று காற்றுப் பட்ட அளவிலே தானே தீப்பற்றி எரிந்தது. அவற்றின் ஆவியை முகர்ந்தால் கைகால்கள் மரத்துத் தினவெடுக்கும், தலை சுழலும். வேறு தீங்கு தோன்றாதபோதும் நாவின்மீது கரிய படலம் படரும். எல்லாவற்றினும் கொடியது சயனைடு சேர்ந்த பொருளாகும். அது சிறிதளவே ஓர் அறையில் ஆவியானாலும், அங்குள்ளவர் நினைவிழந்து வீழ்வர். ஆர்செனிக்கு, சயனைடு என்னும் இருபெரும் நஞ்சுகள் ஒரே பொருளில் கூடியிருந்தன. அதனோடு வெடிக்கும் இயல்பும் சேர்ந்திருந்தது.

புன்சன் அஞ்சவில்லை, ஆயினும் அஞ்ச வேண்டிய பொருள் அது என்பதை மறக்கவுமில்லை. கண்ணாடியை உருக்கி ஊதிக் கலங்கள் செய்வதில் அவர் கைதேர்ந்தவர். ஆதலின், காற்றுப் புகாத மூடிய கலங்களைத் தாமே செய்து, அவற்றுள் அப்பொருள்களை வைத்து ஆராய்ந்தார். சயனைடு சேர்ந்த பொருளைக் கையாளும்போது அறையை விட்டு வெளியேறி, திறந்த வெளியிலேயே வேலை செய்தார். அங்கும் நச்சாவி மூக்கிற் புகாதிருக்கும் பொருட்டு, நீண்ட கண்ணாடிக் குழாய் ஒன்றின் வாயிலாகத் தூய காற்றை உட்கொண்டார். முகமூடிகளும் பாதுகாப்புக் கருவிகளும் பரவாத அக்காலத்தில், தம் அறிவே துணையாக அவர் செய்துகொண்ட காப்பு அது.

எனினும், ஒருநாள் அப்பொருள் வெடித்தது. கலம் சிதறியது. கண்ணாடித் துண்டொன்று அவருடைய வலக்கண்ணிற் பாய்ந்து, அக்கண்ணின் பார்வையை அறவே அழித்துவிட்டது. ஆர்செனிக்கு நஞ்சும் உடலிற் பரவியது. பல நாள் அவர் உயிருக்கும் சாவுக்கும் இடையே ஊசலாடினார். பாஷாணத்திற்கு மாற்று மருந்து கண்டவரே பாஷாணத்தின் பிடியில் சிக்கினார். அவர் கண்ட மருந்து வயிற்றிற் சென்ற நஞ்சைப் பற்றுவது; மூச்சின் வழியே குருதியிற் கலந்த நஞ்சைத் தொடர்ந்து சென்று பற்ற அதனால் இயலாது. நஞ்சு உடலிற் புகும் வழிகள் பல. ஒரு வழியை அடைத்தவர் மற்ற வழிகளையும் அடைத்தாலன்றிக் காப்பு நிறைவெய்தாது. மூச்சிற்குக் காப்புத் தேடிய அறிஞர்க்குக் கண் வழியே கேடு வந்தது.

நோயினின்று எழுந்த புன்சன் அவ்வாராய்ச்சியைக் கைவிடவில்லை. ஒற்றைக் கண் கொண்டே அதனைத் தொடர்ந்து, 1843ஆம் ஆண்டளவில் முடித்தார். அதற்குள் அவர் மார்பர்க்குப் பல்கலைக்கழகத்திற்கு மாறியிருந்தார். அப்பொருள்கள் எல்லாவற்றிலும் கரி, ஹைட்ரஜன், ஆர்செனிக்கு ஆகியவை சேர்ந்த ஒரே அணுக்கூட்டம் சிதையாமல் நிலவுகிறது என்று அவர் நாட்டினார். சுவீடன் நாட்டுப் பேரறிஞர் பெர்சீலியசு, அக்கூட்டத்திற்கு அதன் தீ நாற்றம் குறித்துக் காக்கோடைல் என்னும் கிரேக்கப் பெயரைச் சூட்டினார். கரிமப் பொருள்களின் அமைப்பை அறிய முயன்ற அக்கால இரசாயனிகளுக்கு அவ்வாய்வு பெருந்துணையாயிற்று.

அதன்பின் புன்சன் வேறு துறைகளில் தம் அறிவைச் செலுத்தினார். 1841ஆம் ஆண்டிலேயே, விலையுயர்ந்த பிளாட்டினத்திற்கு மாறாகக் கரியைப் பயன்படுத்தி மலிவான மின்கலம் ஒன்றை அவர் அமைத்திருந்தார். 1846இல் ஐசுலாந்துத் தீவுக்குச் சென்று எரிமலை வளிகளையும் வெந்நீர் ஊற்றுகளையும் ஆராய்ந்தார். 1852இல் ஐடல்பர்க்குப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். அங்கே 1855இல், தெசாகா என்னும் கருவியமைப்பாளரின் துணையோடு, வளியோடு காற்றைக் கலந்து எரிக்கும் அடுப்பை உருவாக்கினார். அதற்குத் தனியுரிமை கோரிப் பொருள் ஈட்ட அவர் விரும்பவில்லை.

அவ்வடுப்பின் நிறமற்ற சுடரில் ஓர் உப்பைக் காட்டினால், அவ்வுப்பிற்குரிய நிறம் தெளிவாகத் தோன்றும். அவ்வொளியைப் பட்டகத்தின் வழியே பிரித்துக் கண்ட புன்சனும், அவருடைய நண்பர் கிர்க்காப்பும், ஒவ்வொரு தனிமத்திற்கும் தனித்தனி ஒளிக்கோடுகள் உண்டு என்பதை நிலைநாட்டினர். அம்முறையால் 1860இல் சீசியத்தையும், 1861இல் ருபீடியத்தையும் கண்டுபிடித்தனர். இரு கண்ணுடையாரும் காணாத தனிமங்களை, ஒரு கண்ணே உடைய அறிஞர் உலகிற்குக் காட்டினார்.

புன்சன் மணம் செய்துகொள்ளவில்லை. ஆய்வுக்கூடமே அவர்க்கு இல்லமாகவும், மாணவரே மக்களாகவும் இருந்தனர். புகழை நாடாத எளிமையும், நகைச்சுவை கலந்த பேச்சும் அவர்பால் அமைந்திருந்தன. 1889ஆம் ஆண்டில், தம் 78ஆம் வயதில் பணியினின்று ஓய்வு பெற்றார். 1899ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 16ஆம் நாள் ஐடல்பர்க்கு நகரில் உயிர் நீத்தார்.

தற்கால ஆய்வுக்கூடங்களில் நச்சாவியை இழுத்து வெளியேற்றும் அடைப்பறைகள் உள்ளன. கண்ணுக்குக் காப்புக் கண்ணாடியும், கைக்கு உறையும் அணியப்படுகின்றன. எப்பொருளையும் சுவைத்துப் பார்த்தல் ஆகாது, புட்டியின் வாயில் மூக்கை வைத்து முகர்தல் ஆகாது, பெயர் எழுதப்படாத புட்டியைப் பயன்படுத்துதல் ஆகாது என்று ஆசிரியர் விதிக்கின்றனர். இவ்விதிகள் வெறும் கட்டுப்பாடுகள் அல்ல. புன்சனைப் போன்ற அறிஞர் பலர் தம் கண்ணையும் உடல்நலத்தையும் விலையாகக் கொடுத்து அறிந்த உண்மைகள் அவற்றுள் அடங்கியுள்ளன. அவர்கள் பட்ட துன்பத்தை மீண்டும் படாமல், அவர்கள் தேடிய அறிவை மேலும் வளர்த்தலே பின் வந்தோர் கடமையாகும். நீலச் சுடரை ஏற்றும்போதெல்லாம் மாணவர் இதனை நினைவிற் கொள்ளல் நன்று.