விண்ணில் உலவிய வீரமங்கை

பழிக்கு அஞ்சித் தொழிலைக் கைவிடுவோர் பலர். பழி வந்துற்ற காலத்தும் நிலைகலங்காது கடமையாற்றுவோர் சிலர். அச்சிலருள் ஒருவர் கல்பனா சாவ்லா அம்மையார்.

இவ்வம்மையார் இன்றைய அரியானா மாநிலத்துக் கர்னால் நகரிற் பிறந்தவர். பள்ளியிற் சேர்ந்தபொழுது தம் பெயரைத் தாமே தேர்ந்துகொண்டார். கல்பனா என்னும் வடசொல் கற்பனை எனப் பொருள்படும். அவ்வூர் வானூர்திக் கழகத்தினின்று எழும் சிறு வானூர்திகளைக் கண்டு வளர்ந்த அவர், பறத்தற்கலையில் பெருவிருப்பங் கொண்டார். பஞ்சாப் பொறியியற் கல்லூரியில் வானூர்திப் பொறியியல் பயின்று, 1982ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். பின்னர் அமெரிக்கா சென்று, 1988இல் கொலராடோப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் எய்தினார். 1994ஆம் ஆண்டின் இறுதியில் நாசா நிறுவனம் அவரை விண்வெளிப் பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்தது.

1997 நவம்பர் 19ஆம் நாள் கொலம்பியா விண்ணோடத்தில் ஏறி விண்ணுலவினார். இந்தியாவிற் பிறந்த பெண்களுள் விண்வெளி சென்ற முதல்வர் அவரே. கதிரவனை ஆராயும் ஸ்பார்ட்டன் என்னும் செயற்கைக்கோளை இயந்திரக் கையால் வெளியே விடுதல் அவர் பணி. விடப்பட்ட கோளோ இயங்கவில்லை. மீளப் பற்ற முயன்றபோது சுழலத் தொடங்கியது. தோழர் இருவர் வெளியே சென்று அதனைக் கையாற் பிடித்து மீட்டனர். முதற்கண் பழி கல்பனா மேல் விழுந்தது. ஆராய்ந்த குழுவினரோ, மென்பொருளின் குறைகளும், கலத்தோர்க்கும் தரைநிலையத்தோர்க்கும் வகுத்த நடைமுறைகளின் குறைகளுமே காரணம் எனக் கண்டனர். அவர் சோர்வின்றித் தம் பணியைத் தொடர்ந்தார். மீண்டும் விண்பயணத்திற்குத் தேர்வு பெற்றார்.

2003 சனவரி 16ஆம் நாள் அதே கொலம்பியாவில் அறுவருடன் புறப்பட்டார். கலம் மேலேறுங்கால், எரிபொருட்கலத்தின் காப்பு நுரைத்துண்டு ஒன்று பெயர்ந்து இடச்சிறகைத் தாக்கியது. பொறியாளர் சிலர் ஐயுற்றனர். மேலோர் அதனைப் பெரிதாகக் கருதவில்லை. ஆராய்ச்சிகளை முடித்துப் பிப்ரவரி 1ஆம் நாள் மீளுங்கால், சிறகின் பிளவு வழியே கடுவெப்பம் உட்புகக் கலம் சிதைந்தது; எழுவரும் மாண்டனர்.

அவ்விழப்பு பிறர்க்குக் காவலாயிற்று. 2005 முதல் பன்னாட்டு விண்வெளி நிலையத்தை அணுகிய விண்ணோடங்கள், இணையுமுன் தம் அடிப்புறத்தைத் திருப்பிக் காட்டின. நிலையத்திலிருந்தோர் அதனைப் படமெடுத்தனர். மீளுதற்கு இடரின்மை தெளிந்த பின்னரே அவை மண்ணுக்கு மீண்டன. 2020இல் அந்நிலையத்திற்குப் பொருள்கள் சுமந்து சென்ற கலமொன்று கல்பனாவின் பெயர் தாங்கியது. தமிழ்நாட்டரசும் துணிவுமிக்க மகளிர்க்கு அவர் பெயரால் விருது வழங்கி வருகிறது.

பழிக்குக் கலங்காமை வேண்டும் என்பதும், ஐயம் எழுந்தபோதே ஆராய்தல் வேண்டும் என்பதும் இவ்வரலாற்றால் மாணவர் கொள்ளத்தக்கன.