கல்லை நிறுத்துப் பார்த்த அறிஞர் அல்பீரூனி

சென்ற மாதம் பாலிக் புலாவில் எம் கடைக்கு வந்த மலாய்ப் பெரியவர் ஒருவர் தம் வெள்ளி மோதிரத்தைக் கழற்றிக் காட்டினார். பளிங்குக் கல்லுக்குள் பொன்னிற ஊசிகள் மயிர்போல் குறுக்கும் நெடுக்குமாய்க் கிடந்தன. மெய்யான தலைமுடி என்று சொல்லி யாரோ அவரிடம் நல்ல விலை வாங்கிவிட்டார். முடியன்று, ரூட்டைல் என்னும் தாதுவின் ஊசிகள். பூமிக்கடியில் கொதிநீரிலிருந்து பளிங்கு விளையும்போது அவற்றைத் தன்னுள் அடக்கிக் கொள்ளும். அச்சூட்டில் மயிர் நிற்குமா?

கல்லுக்குள் அகப்பட்ட பொருள்களைப் பற்றி ஏறக்குறைய 1000 ஆண்டுகளுக்கு முன்பே எழுதியவர் அபூ ரைஹான் அல்பீரூனி (ரஹ்). ஹிஜ்ரி 362-ல் (கி.பி. 973), இன்று உஸ்பெகிஸ்தானைச் சேர்ந்த காத் நகரருகே பிறந்தார். 1017-ல் சுல்தான் மஹ்மூது அந்நாட்டைப் பிடித்து இவரையும் கஜ்னிக்குக் கொண்டுபோனார். தாமாக விரும்பிச் சென்றாரில்லை. ஆயினும் அத்தொடர்பால் இந்தியா கண்டு, சமஸ்கிருதம் பயின்று, 1030 வாக்கில் இந்தியரின் சமயத்தையும் கணிதத்தையும் பற்றிப் பெருநூல் செய்தார். சுல்தான் மஸ்ஊதுக்கு வானநூலொன்று எழுதியதற்கு யானைச்சுமை வெள்ளி வந்ததாம், திருப்பியனுப்பினாராம். நம்மில் யார் அனுப்புவோம்!

முதுமையில், சுல்தான் மௌதூது காலத்தில், இரத்தினங்களைப் பற்றிய கிதாபுல் ஜமாஹிரை எழுதினார். ஏடுகளை மட்டும் நம்பாமல் நகை வணிகர் அனுபவத்தையும் கேட்டெழுதினார். கூம்பு வடிவப் பாத்திரத்தில் மூக்குவரை நீர் நிரப்பி, கல்லை இட்டு, வழிந்த நீரை நிறுத்தார். அவ்வாறு பார்த்தால் மாணிக்கம் தன் அளவு நீரைப்போல் 4 மடங்கு கனக்கும், பளிங்கு 2.65 மடங்கே. சிவப்புப் பளிங்கை மாணிக்கமென்று விற்க வருபவனுக்கு அங்கே வாயடைத்துப் போகும்.

பளிங்கினுள் நீர்த்துளி, காற்றுக்குமிழி, இலை, குச்சி முதலியன காணப்படுவதால் அது முதலில் நீர்மமாக இருந்து இறுகியதே என்று அவர் முடிவு செய்தார். இலைபோலும் குச்சிபோலும் தோன்றுவன பெரும்பாலும் தாதுக்களே என்று இன்று அறிவோம். எனினும் அடிப்படையில் அவர் எண்ணியது சரியே.

பெரியவரிடம் இதைச் சொன்னேன். முடியன்று என்றதும் முகம் வாடிற்று. அல்பீரூனி ஆராய்ந்த கல்லினம் என்றதும் மோதிரத்தை மறுபடி விரலில் போட்டுக்கொண்டார்.

ஹிஜ்ரி 440-ஐ ஒட்டி அறிஞர் கஜ்னியில் வபாத்தானார். இறுதி நேரத்தில் பார்க்க வந்த மார்க்கச் சட்ட அறிஞரிடம் வாரிசுப் பங்கு பற்றிய ஐயமொன்றைக் கேட்டுத் தெளிந்தாராம். வந்தவர் தெருவைக் கடக்குமுன் வீட்டில் அழுகுரல் எழுந்ததென்பர்.